மரங்கொத்திக்குக் கோபம் வந்தபோது

அந்தக் காலத்தில், பறவைகளும் விலங்குகளும் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது, மரங்கொத்திக்கு அந்தப் பெயர் கிடையாது. செங்கொண்டை என்றுதான் கூப்பிடுவார்கள். மற்ற பறவைகளைப் போல அதுவும் சுள்ளி பொறுக்கிக் கிளையில்தான் கூடு கட்டும்.

ஒரு செங்கொண்டை இலுப்பை மரத்தில் இரண்டு முட்டை இட்டிருந்தாள். அதே கிளையில், அடிமரத்தை ஒட்டி, மஞ்சள்மூக்கி என்ற மைனாவின் கூடு. ஒருத்தி இரை தேடப் போனால் மற்றவள் காவல் இருப்பாள்.

ஒரு மத்தியானம் செங்கொண்டை திரும்பி வந்தபோது கூட்டில் முட்டை இல்லை. ஓட்டுத் துண்டு ஒன்று மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது.

மஞ்சள்மூக்கி தன் கூட்டில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். எப்போதும் வளவளவென்று பேசுகிறவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கீழ்க்கிளையிலிருந்து அணில் மெதுவாகச் சொன்னது: "நான் ஒன்னும் சொல்லலை அக்கா. அவ உன் கூட்டுக்குப் போனா. எதையோ மறைச்சு மறைச்சு உருட்டிக்கிட்டு வந்தா. அவ்வளவுதான் பார்த்தேன்."

செங்கொண்டைக்கு அதுவே போதுமாக இருந்தது. "உன் முட்டை ஏன் இப்படி வெளுத்திருக்கு?" என்று முன்பு மைனா கேட்டதுகூட இப்போது வேறு மாதிரி தோன்றியது. நெஞ்சு கொதிக்கப் பாய்ந்து போய் எதிரே நின்றாள்.

"எழுந்திருடி!"

"மாட்டேன்." மைனா கூட்டோடு இன்னும் ஒட்டிக்கொண்டாள்.

செங்கொண்டை அலகை ஓங்கினாள். அந்தக் கண்களில் இருந்த பயத்தைக் கண்டதும் சட்டென்று கழுத்தைத் திருப்பினாள். ஓங்கிய அலகு அடிமரத்தில் இறங்கியது. டொக்!

மறுபடி கொத்தினாள். ஏசிக்கொண்டே கொத்தினாள், அழுதுகொண்டே கொத்தினாள். பட்டை சிதறியது, மரத்தூள் கொட்டியது, பெரிய பொந்தே விழுந்துவிட்டது. கழுத்து ஓய்ந்து மூச்சு அடங்கிய பிறகுதான் அவளுக்குக் கேட்கத் தோன்றியது.

"என் முட்டைங்க எங்கேடி?"

மஞ்சள்மூக்கி மெல்ல நகர்ந்தாள். அவளுடைய நீல முட்டைகளுக்கு நடுவே ஒரு வெள்ளை முட்டை இருந்தது.

"உடும்பு ஏறி வந்துச்சு. ஒன்னைக் குடிச்சிருச்சு. நான் கத்திக் கொத்தித் துரத்திட்டு இதை உருட்டிக்கிட்டு வந்தேன். மறுபடி வருமோன்னு மேலேயே உட்கார்ந்துட்டேன்."

"வந்ததுமே சொல்றதுக்கு என்ன?"

"ஒன்னு போயிருச்சுன்னு எப்படிச் சொல்றது? அப்புறம் நீ வந்த வேகத்துல எனக்கு வாயே வரலை."

செங்கொண்டைக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த அலகு மைனாவின் மேல் இறங்கியிருந்தால் அவளோடு சேர்ந்து அந்த முட்டையும் போயிருக்கும். "என்னை மன்னிச்சிருடி" என்று அவள் தோளில் தலை சாய்த்தாள். இருவருமாக முட்டையைப் புதுப் பொந்துக்குள் பத்திரமாக வைத்தார்கள்.

அன்று மரத்தைக் கொத்தியதால்தான் செங்கொண்டைக்கு மரங்கொத்தி என்று பெயர் வந்தது. அதன் சந்தேகப்புத்தி மட்டும் முழுதாகப் போய்விடவில்லை. இன்றும் ஆள் அரவம் கேட்டால் மரத்தின் பின்னால் ஒதுங்கி எட்டி எட்டிப் பார்க்கும்.

ஆனால் அன்று முதல்தான், நெஞ்சு கொதித்தால் மரங்கொத்தி மரத்தைத் தேடிப் போகிறது; அது கொத்திவிட்டுப் போன பொந்தில் மைனா குடியேறுகிறது.