வெறுந்தலை

“எனக்கு ஏன் இன்னும் சிங்கப் பதவி தரவில்லை?” என்று கேட்டான் மாதெர்னஸ்.

டான்யூப் நதிக்கரை ரோமானியக் கோட்டையில் தலை நரைத்த படைவீரன் அவன். கேட்ட இடம், படைவீரர்கள் ரகசியமாகக் கும்பிடும் மித்ரன் என்ற தெய்வத்தின் குகை. காகம், வீரன், சிங்கம் என்று அங்கே படிப்படியாகத்தான் ஏற வேண்டும்.

எதிரே உட்கார்ந்திருந்தவர் சுங்கச்சாவடி எழுத்தர் ஃபுஸ்கஸ். அவனைவிட வயதில் சிறியவர். ஆனால் குகைக்குள் அவர்தான் எல்லோருக்கும் தந்தை; பதவி தருபவரும் அவரே.

“வரும்போது வாசல் நிலையில் தலையை இடித்துக்கொண்டாயே, வலிக்கிறதா?”

“அதை விடுங்கள் தந்தையே. இந்த பிலேதஸைப் பாருங்கள். குளியல் கூடத்தில் அடுப்பெரிக்கிற அடிமை. எனக்குப் பின்னால் வந்தவன். இவன் சிங்கம், நான் இன்னும் வீரனா?”

சிங்கமாகிறவர்களின் கையில் ஊற்றும் தேன் குடத்தோடு மூலையில் நின்றான் பிலேதஸ்.

“கர்ஜித்துக் காட்டட்டுமா அண்ணே?”

தந்தை சிரிப்பை அடக்கிக்கொண்டார். “வீரன் ஆன அன்று நீ என்ன செய்தாய்?”

“வாள்முனையில் இலைக்கிரீடம் நீட்டினீர்கள். தலையில் வைத்தீர்கள். தோளுக்குத் தள்ளிவிட்டேன். ‘மித்ரனே என் கிரீடம்’ என்றேன். அன்றிலிருந்து ஓர் இலைகூட இந்தத் தலையில் ஏறியதில்லை.”

“வெற்றித் திருநாளில்கூடவா?”

மாதெர்னஸ் நிமிர்ந்தான்.

“அன்றைக்குத்தான் என்னைப் பார்க்க வேண்டும்! படை முழுக்க இலைமாலை சூடி நிற்கும். நான் ஒருவன்தான் வெறுந்தலை. தளபதியின் மனைவியே ‘யார் அது?’ என்று கேட்டாள்.”

“சொன்னார்களா?”

“சொன்னார்கள். மறுபடியும் திரும்பிப் பார்த்தாள்.”

“நீ?”

“ஓரடி முன்னால் வந்து நின்றேன்.”

பிலேதஸ் குடத்தைக் கீழே வைத்துவிட்டான்.

தந்தை எழுந்தார். “சரி, போய் வா. வாசலில் பார்த்து. இன்னும் கொஞ்சம் குனி.”

“எவ்வளவு குனிய வேண்டும் என்று எனக்குத் தெரியாதா?”

“அது தலைக்குக் குனிகிற அளவு. உன் கிரீடம் இடிக்குமே.”

மாதெர்னஸின் கை தலைக்குப் போனது. நரைமயிர்தான் தட்டுப்பட்டது.

கை அங்கேயே நின்றது.

பிறகு, மெதுவாக, எதையோ தலையிலிருந்து தோளுக்குத் தள்ளினான். இந்த முறை ஒன்றும் சொல்லவில்லை.

“பிலேதஸ்,” என்றார் தந்தை, “தேனை எடு.”