காப்பியடிக்க முடியாத வாக்குறுதி

தருமபுரிப் பக்கம் ஒரு சின்னக் கட்சி. அதற்காக ஆட்டோவில் மைக் பிடித்துக் கத்துகிறவன் மாசிலாமணி. தான் கத்துவதால்தான் கட்சி வளர்கிறது என்று அவனுக்கு ஒரு நினைப்பு. போன தேர்தலில் டெபாசிட் போனதற்கும் தன் தொண்டைக்கட்டுதான் காரணம் என்று சொல்லிக்கொண்டான்.

இந்தத் தேர்தலுக்கு அறிக்கை எழுதக் கல்யாண மண்டபத்தில் குழு கூடியது. இவர்கள் இலவச மிக்ஸி என்று எழுதினால், விஷயம் எப்படியோ கசிந்து, எதிர்க்கட்சி மிக்ஸியோடு கிரைண்டரும் உண்டு என்று முந்திக்கொண்டு அறிவித்தது. கொதித்துப்போன தலைவர் பரஞ்சோதி, வாசலில் நின்ற மாசிலாமணியைக் கூப்பிட்டார்.

“ஊரெல்லாம் சுத்துறியே, அவங்க காப்பியடிக்கவே முடியாத வாக்குறுதி ஒண்ணு சொல்லு. இல்லைன்னா மைக்கை வேற ஆளுகிட்ட கொடுத்துட்டுப் போ.”

மைக் இல்லாவிட்டால் மாசிலாமணியை அவன் தெருவிலேயே யாருக்கும் தெரியாது.

“கட்சித் தலைவரோட குடும்பத்துல யாருக்கும் சீட் கிடையாதுன்னு போடுங்க தலைவரே. எதிர்க்கட்சிக்காரங்க அதைத் தொடவே மாட்டாங்க.”

அறிக்கையை எழுதிக்கொண்டிருந்த தலைவரின் மகன் பேனாவை மூடிவைத்தான்.

“நம்மால செய்ய முடியாததை எப்படிப்பா எழுதறது?” என்றார் தலைவர்.

“போன தடவை தருமபுரிக்குத் துறைமுகம்னு எழுதினீங்களே தலைவரே. நானும் வெட்கமில்லாம அதைத் தெருத்தெருவா கத்தினேனே.”

முதலில் சிரித்தது தலைவர்தான். வேறு வழியில்லாமல் மகனும் சிரித்தான். அந்த வரி அறிக்கையில் வரவில்லை. ஆனால் மைக் மாசிலாமணியிடமே இருந்தது. மறுவாரம் அவன் ஆட்டோவில் ஏறி, தலைவரின் மகனுக்கு ஓட்டுக் கேட்டுத் தொண்டை கிழியக் கத்திக்கொண்டு போனான்.