அத்தை வீட்டுத் தொட்டில்

முன்னொரு காலத்தில், பேரைச் சொன்னால் உறவுக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள் என்பதால் நான் பேர் சொல்லாமல் விடுகிற ஒரு நாட்டில், ஒரு புதுத் தொட்டில் உடைந்தது. உடைத்தவன் நான்.

அந்த நாட்டு மகாராஜாவின் சபையில் நான் விகடன். பேர் மருதையன். உடம்பைப் பற்றி ஒன்றே ஒன்று சொல்கிறேன்: நான் ஏறினால் ஓடக்காரர் மற்றவர்களை இறங்கச் சொல்வார். மகாராஜாவுக்கு நெடுநாள் கழித்து ஒரு பெண் குழந்தை பிறந்திருந்தது. அதைத் தொட்டிலில் இட்டுப் பேர் சூட்டுகிற சடங்குக்காகப் பிரதானி ஏகாம்பரர் கருங்காலி மரத்தில் ஒரு தொட்டில் செய்வித்துச் சபைக்குக் கொண்டுவந்தார். தந்தப் பூ, வெள்ளி மணி, முத்துக் குஞ்சம் எல்லாம் இருந்தன. அடிப்பலகை மட்டும் அப்பளம் மாதிரி இருந்தது.

"பிரதானியாரே, இது தாங்குமா?" என்றேன்.

"யானையைத் தாங்கும்" என்றார்.

யானை கைவசம் இல்லை. நான் ஏறிப் படுத்தேன். உண்மையில் முதல் இரண்டு ஆட்டம் வரை தாங்கியது. மூன்றாவது ஆட்டத்தில் யாரோ சிரிக்க, நானும் சிரிக்க, அடிப்பலகை வழியே கீழே வந்துவிட்டேன். என்னைத் தாங்காத தொட்டில் குழந்தையையும் தாங்காது என்று வாதாடிப் பார்த்தேன். குழந்தையையும் என்னையும் சேர்த்துப் பார்த்தவர்கள் யாரும் அதை ஒப்புக்கொள்ளவில்லை.

சடங்கு நாளை மறுநாள். அதற்குள் இன்னொரு தொட்டில் ஆகாது. மகாராஜா தாடியைத் தடவினார். அப்புறம், "என் பாட்டனார் கிடந்த தொட்டில் ஒன்று இருந்ததே, பலா மரத்தில்? நானும் அதில்தான் கிடந்தேன்" என்றார்.

இருந்தது. ஆனால் அரண்மனையில் இல்லை. மகாராஜாவின் தங்கை பூரணவல்லி நாச்சியாருக்கு மகன் பிறந்தபோது, அப்போது இளவரசராக இருந்த இவரே அதைத் தோளில் சுமந்து, ஆற்றைக் கடந்து, அக்கரைப் பாளையக்காரருக்கு வாழ்க்கைப்பட்ட தங்கையின் வீட்டில் இறக்கிவைத்தார். "இனிமேல் இது உன் வீட்டுப் பொருள்" என்றும் சொல்லிவிட்டு வந்தார்.

சிக்கலே அந்தக் கடைசி வார்த்தையில்தான். எங்கள் நாட்டில் கூடப் பிறந்தவளுக்குச் சீராகக் கொடுத்ததைத் திருப்பிக் கேட்கக் கூடாது. கேட்டால், 'நீ யாரோ, நான் யாரோ' என்று சொன்ன மாதிரி. அதற்கப்புறம் அண்ணன் வீட்டு விசேஷத்துக்குத் தங்கை வரமாட்டாள், தங்கை வீட்டு விசேஷத்துக்கு அண்ணன் போகமாட்டார். ஒரு வெண்கல உருளியைத் திருப்பிக் கேட்டுவிட்டுச் சாகும்வரை முகம் பார்க்காமல் இருந்தவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு.

ஏகாம்பரர் இருமினார். அவர் இருமினால் எனக்கு நல்லதில்லை. "மகாராஜா, உடைத்தவரே போய்க் கொண்டுவருவதுதான் முறை. ஆனால் ஆணை தெளிவாக இருக்கட்டும். நாச்சியாரிடம் கேட்கக் கூடாது. திருடக் கூடாது. விலை பேசக் கூடாது. இன்னொன்று, காலித் தொட்டில் அரண்மனை வாசலைத் தாண்டி உள்ளே வருவது அபசகுனம். அதுவும் கூடாது."

"முடியாவிட்டால்?" என்றேன்.

"சபையில் உமது ஆசனம் என் மைத்துனருக்கு" என்றார். அவருடைய மைத்துனர் ஒரு விகடகவி என்று அவரே சொல்லிக்கொண்டிருந்தார். அந்த வீட்டிலிருந்து வந்த ஒரே நகைச்சுவை அதுதான்.

மகாராஜா எழுந்தார். "மருதையா, கேள். நாளை மறுநாள், சூரியன் கோபுரக் கலசத்தைத் தாண்டும் முன், என் மகள் அந்தத் தொட்டிலில் கிடக்க வேண்டும். என் தங்கை மனம் நோகக் கூடாது. பிரதானியார் சொன்னவையும் ஆணைதான்."

கட்டியக்காரர் அதை ஒரு எழுத்து மாறாமல் உரக்கச் சொன்னார். அவர் சொல்லிவிட்டால் அப்புறம் மகாராஜாவே நினைத்தாலும் மாற்ற முடியாது.

ஆசனம் போவதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் அதைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. நான் சபையில் முதன்முதலாகச் சொன்ன விகடத்துக்கு ஒருத்தரும் சிரிக்கவில்லை. பெண்கள் பக்கத்துத் திரைக்குப் பின்னாலிருந்து ஒரே ஒரு சிரிப்பு வந்தது. அது பூரணவல்லி நாச்சியார். அந்தச் சிரிப்பில்தான் நான் இன்றுவரை சாப்பிடுகிறேன். அண்ணனுக்கும் தங்கைக்கும் நடுவில் விழும் வெட்டு என் வாயால் விழக் கூடாது.

மறுநாள் காலையில் ஓடத்தில் ஏறினேன். மற்றவர்கள் இறங்கினார்கள்.

நாச்சியார் வீட்டுக் கூடத்தில் தொட்டில் இருந்தது. எண்ணெய் போட்டுத் துடைத்து, பழைய பலா மரம் தேன் நிறத்தில் மின்னியது. உள்ளே ஒரு பெரிய பூசணிக்காய் படுத்திருந்தது.

"காலியா வைக்கக் கூடாதில்ல, அதான்" என்றார் நாச்சியார். "எங்க பையனுக்கு மீசை முளைச்சாச்சு. அவனையா படுக்க வைக்க முடியும்? உக்காரு மருதையா. அந்த நாற்காலி வேண்டாம், இந்தப் பலகையில உக்காரு."

நான் பலகையில் உட்கார்ந்தேன். மோர் வந்தது. நான் மெல்ல ஆரம்பித்தேன்.

"தொட்டில் நல்லா இருக்கும்மா."

"நல்லாத்தான் இருக்கு."

"ரொம்பப் பெரிசு."

"பெரிசுதான்."

"இடத்தை அடைக்குமே?"

"எங்க வீடும் பெரிசுதானே."

மோரைக் குடித்தேன். வேறு பக்கமாக வந்து பார்த்தேன். "பூசணிக்காய் கொடுத்து வச்ச பூசணிக்காய்!"

"ஆமா. அதுவாவது சத்தம் போடாம படுத்திருக்கு."

நாச்சியார் என்னைப் பார்த்தார். நான் பூசணிக்காயைப் பார்த்தேன். எதற்கு வந்தேன் என்று அவருக்குத் தெரியும். தெரியும் என்று எனக்கும் தெரியும். ஆனால் எங்கள் நாட்டில் உறவுக்காரர்கள் ஒரு பொருளைப் பற்றிப் பேசும்போது அந்தப் பொருளைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பேசுவார்கள்.

"குழந்தை யார் ஜாடை?" என்று கேட்டார்.

"மூக்கு மகாராஜா மூக்குதான். முகத்துல பாதி அதுதான்."

சிரிக்க வேண்டிய இடம். சிரிக்கவில்லை. முந்தானையால் தொட்டிலின் விளிம்பைத் துடைத்தார். ஏற்கெனவே துடைத்துதான் இருந்தது.

"சடங்குக்கு அழைப்பு வந்துதாம்மா?"

"வந்துச்சே. பிரதானி ஒரு சேவகனை அனுப்பியிருந்தார். குதிரையில வந்தான். வாசல்ல நின்னே சொல்லிட்டுப் போயிட்டான். குதிரையை விட்டு இறங்கல. அவனுக்கு எத்தனை வீடோ பாவம்."

எனக்கு மோர் புரையேறியது. குழந்தையைத் தொட்டிலில் இடுவது அத்தையின் கை. காதில் பேர் சொல்வது அத்தையின் வாய். அந்த அத்தையை அழைக்க அண்ணன் வெற்றிலைத் தட்டோடு நேரில் வர வேண்டும். அரண்மனை மாடியில் நின்றால் இந்த வீட்டு ஓடுகளை எண்ணலாம். அவ்வளவு பக்கம்!

"வருவீங்களாம்மா?"

"பார்க்கலாம்."

"மனசுல ஏதாவது..."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல மருதையா. இன்னும் கொஞ்சம் மோர் ஊத்தவா?"

நான் வெறுங்கையோடு திரும்பினேன். துறையில் ஏகாம்பரரின் மைத்துனர் காத்திருந்தார். எனக்கு ஆறுதல் சொல்வதற்காக ஒரு விகடம் சொன்னார். அதைக் கேட்ட பிறகு ஆசனத்தை விடவே கூடாது என்று முடிவு செய்தேன்.

சடங்கு நாள். விடிந்ததும் சபை கூடியது. நாதஸ்வரக்காரர்கள் சீவாளியை நனைத்துக்கொண்டிருந்தார்கள். ஏகாம்பரர் புது அங்கவஸ்திரத்தில் வந்து என் பின்னால் எட்டிப் பார்த்தார். "தொட்டில் எங்கே ஓய்?"

"தயாராக இருக்கிறது. மகாராஜா, இளவரசியும் மகாராணியும் தாங்களும் இப்போதே கிளம்பினால், ஆணையை நேரத்துக்கு நிறைவேற்றிவிடலாம்."

"எங்கே கிளம்புவது?" என்றார் மகாராஜா.

"தொட்டில் இருக்கும் இடத்துக்கு."

"விளையாடுகிறாயா? அதைக் கொண்டுவர அல்லவா உன்னை அனுப்பினேன்?"

"மன்னிக்க வேண்டும். கட்டியக்காரரை இன்னொரு தடவை சொல்லச் சொல்லுங்கள்."

கட்டியக்காரர் சொன்னார்: "சூரியன் கோபுரக் கலசத்தைத் தாண்டும் முன், என் மகள் அந்தத் தொட்டிலில் கிடக்க வேண்டும்."

"மகள் தொட்டிலில் கிடக்க வேண்டும் என்பதுதான் ஆணை. தொட்டில் ஆற்றைத் தாண்ட வேண்டும் என்று அதில் இல்லை" என்றேன். "ஆகையால் குழந்தையைத் தாண்டவைக்கலாம் என்று நினைத்தேன். குழந்தைதான் கனம் குறைவு."

சபையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஏகாம்பரர் சிவந்தார். "அடாது! ஒரு சக்கரவர்த்தி தம் வீட்டுச் சடங்கை ஒரு பாளையக்காரர் வீட்டுக் கூடத்தில் நடத்துவதா? அரண்மனை மரபு என்ன ஆவது?"

"பிரதானியாரே, குழந்தையைத் தொட்டிலில் இடுவது யார்?"

"அத்தை."

"அத்தையை அழைப்பது?"

"அண்ணன். அதாவது, மகாராஜாவுக்கு வேலை அதிகம் என்பதால்..."

"என்பதால் அழைக்கப் போன குதிரை நல்ல குதிரைதான். போன ஆள்தான் கடைசிவரை அதை விட்டு இறங்கவில்லையாம்."

மகாராஜா ஏகாம்பரரைப் பார்த்தார். ஏகாம்பரர் தரையைப் பார்த்தார். அப்புறம் மகாராஜாவும் தரையைப் பார்த்தார். அழைப்பை எல்லாம் பிரதானி பார்த்துக்கொள்ளட்டும் என்று சொன்னது அவர்தானே.

இவர்கள் இருவரும் இன்னும் எவ்வளவு நேரம் தரையைப் பார்த்திருப்பார்களோ தெரியாது. திரைக்குப் பின்னாலிருந்து மகாராணியின் குரல் கேட்டது: "குழந்தைக்குப் போர்வையை எடுங்கடி. ஆத்தங்கரையில காத்து அடிக்கும். வெத்தலைத் தட்டு எங்கே?"

அவ்வளவுதான். நாடே கிளம்பிவிட்டது.

வெண்கொற்றக் குடை ஓடத்துக்குள் விரியவில்லை. நாதஸ்வரக்காரர் ஓடத்தின் மூக்கில் உட்கார்ந்து வாசித்தார். தவில் அடுத்த ஓடத்தில் வந்ததால் தாளம் கொஞ்சம் பிந்திப் பிந்தி வந்தது. என்னை ஏற்ற ஓடக்காரர் மறுத்துவிட்டார். நான் ஒரு கட்டுமரத்தில் தனியாக, பெரிய மனிதர் மாதிரி வந்து சேர்ந்தேன்.

வாசலில் நாச்சியார் நின்றார். மகாராஜா தட்டோடு நின்றார்.

"வந்தேன்" என்றார் ஒருவழியாக.

"தெரியுது" என்றார் நாச்சியார். "கண்ணுக்குக் கீழ என்ன இப்படிக் கருப்பு? தூங்குறதில்லையா?"

"குழந்தை அழுகிறது."

"குழந்தைன்னா அழும். உள்ள வாங்கண்ணா. அண்ணி, அவளை இப்படிக் கொடுங்க."

நாச்சியார் ஒரு கையில் குழந்தையை வாங்கினார், இன்னொரு கையால் தொட்டிலிலிருந்து பூசணிக்காயை எடுத்தார். எங்கே வைப்பது என்று சுற்றிப் பார்த்து, பக்கத்தில் நின்ற ஏகாம்பரர் கையில் கொடுத்தார். குழந்தையை இட்டார். குனிந்து காதில் பேரைச் சொன்னார். நிமிர்ந்தபோது அவர் கண்ணைப் பார்த்தேன். பிறகு நான் பூசணிக்காயைப் பார்த்துக்கொண்டேன்.

கோபுரக் கலசத்துக்கு இன்னும் ஒரு முழம் கீழேதான் சூரியன் இருந்தது.

பிறந்ததிலிருந்து அரண்மனையைத் தூங்கவிடாத அந்தக் குழந்தை, பலாத் தொட்டிலில் நாலு ஆட்டத்தில் தூங்கிவிட்டது. சாப்பாடு முடிந்தது. தாம்பூலம் ஆயிற்று. கிளம்பும் நேரம் வந்தது. குழந்தை எழுந்திருக்கவில்லை. மகாராணி தூக்கக் கையை நீட்டினார். நாச்சியார் தடுத்தார்.

"தூங்குற குழந்தையைத் தூக்கலாமா அண்ணி? அப்படியே தொட்டிலோட கொண்டு போங்க."

ஏகாம்பரருக்குப் பொறுக்கவில்லை. "ஆனால், நாச்சியாரே, தொட்டில் தங்கள் வீட்டுப் பொருள் ஆயிற்றே! சீராகக் கொடுத்ததைத் திரும்பப் பெறுவது..."

"யாரு திருப்பிக் கொடுக்கிறா?" என்றார் நாச்சியார். "தொட்டில் என் வீட்டுதுதான். உள்ள கிடக்கிறவளும் என் வீட்டுப் பொண்ணுதான். ரெண்டும் கொஞ்ச நாள் எங்க அண்ணன் வீட்டுல இருக்கட்டும். இவ நடக்க ஆரம்பிச்சதும் கூட்டிட்டு வந்து தொட்டிலைக் கொடுத்துட்டுப் போகணும். அண்ணன்தான் கொண்டுவரணும். சேவகன் வந்தா வாங்க மாட்டேன்."

மகாராஜா தங்கையைப் பார்த்தார், தொட்டிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். விரல் மடக்கினார்: "கேட்கவில்லை. திருடவில்லை. விலை பேசவில்லை. காலியாகவும் வரவில்லை." பிறகு சிரிக்க ஆரம்பித்தார். குழந்தை எழுந்துவிடும் என்று மகாராணி அதட்ட, அங்கவஸ்திரத்தை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தார். தோள் மட்டும் குலுங்கியது.

தொட்டிலின் மூன்று மூலையைச் சேவகர்கள் பிடித்தார்கள். நாலாவது மூலையைப் பிடிக்கும் பாக்கியம் ஏகாம்பரருக்குக் கிடைத்தது. அசையாமல் நடக்க வேண்டும், தும்மக் கூடாது என்று மகாராணியின் உத்தரவு. பிரதானியாரின் இன்னொரு கக்கத்தில் பூசணிக்காய் இருந்தது. அதை வாங்கிக்கொள்ள யாருக்கும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது, ஆனால் நான் சொல்லவில்லை.

மகாராஜா தம் பட்டுச் சால்வையை எடுத்து என் தோளில் போட்டார். என் அளவுக்கு அது ஒரு துண்டு. "மருதையா, இனிமேல் இது உன் வீட்டுப் பொருள்."

"திருப்பிக் கேட்பீர்களா மகாராஜா?"

மறுபடியும் அங்கவஸ்திரம் வாய்க்குப் போனது.

எல்லாரும் படித்துறைக்கு இறங்கினார்கள். நாச்சியார் வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். நான் பின்தங்கினேன். விகடன் விஷயத்தை விட்டுவிட்டுப் போகலாம்தான். ஆனால் மனசு கேட்கவில்லை.

"அம்மா, ஒண்ணு கேக்கணும். மோர் ஊத்தாம பதில் சொல்லுங்க. நேத்து நான் வாயைத் திறந்து, மகாராஜா தொட்டிலைக் கேட்டாருன்னு சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

ஓடத்தில் தொட்டில் ஏறியதை அவர் பார்த்தார். அப்புறம் என் பக்கம் திரும்பினார்.

"கொடுத்திருப்பேன் மருதையா. நல்லாத் துடைச்சு, உள்ள புதுச் சேலை விரிச்சுக் கொடுத்து அனுப்பியிருப்பேன். நீ ஆத்தைத் தாண்டினதும், அதே ஆத்துல இறங்கி எங்க அண்ணனைத் தலைமுழுகியிருப்பேன்."