தாண்டவமூர்த்தியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவள்

தோப்பில் ஐந்து ஆண்கள் நிற்கும்போது ஒரு பெண் "ஏங்க" என்று கூப்பிட்டால் யார் திரும்புவார்கள், சொல்லுங்கள் பார்ப்போம்?

அரசங்காட்டு மடத்துத் தென்னந்தோப்பில் நாலு பேர் திரும்பினார்கள். திரும்பாத அந்த ஒருவன்தான் கூப்பிட்டவளுக்குப் புருஷன்.

மரத்தின் மேலே இருந்தவர் குலையில் அரிவாளைப் போட்டுவிட்டார். நேர் கீழே தாண்டவமூர்த்தி, மற்றவர்களுக்கு ஏதோ பதிகத்துக்குப் பொருள் சொல்லிக்கொண்டு நின்றான். அவன் பெண்டாட்டி வடிவு கைக்குழந்தையோடு மட்டை பொறுக்க வந்திருந்தாள். "ஏங்க, தள்ளுங்க" என்றாள். நாலு பேரும் துள்ளி விலகினார்கள். இவன் விலகவில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டாள். விலகியவர்களே இன்னும் கொஞ்சம் விலகினார்கள்.

அப்புறம்தான் அவள் தொண்டை கிழிய, "தாண்டவமூர்த்தி" என்று கத்தினாள்.

எவள் அவள், என் பேரைச் சொல்லிக் கூப்பிடுவது என்று கோபமாகத் திரும்பி இரண்டு எட்டு முன்னால் வந்தான். அவன் நின்ற இடத்தில் குலை விழுந்து மண்ணில் குழி பறித்தது.

பிழைத்தவன் என்ன செய்தான்? பேரைச் சொல்லி என் ஆயுசைக் குறைத்துவிட்டாளே என்று அத்தனை பேர் முன்னாலும் அவளைத் திட்டினான். அன்றிலிருந்து வீட்டில் கை நனைக்கவில்லை. மடத்துப் பந்தியில் வேளை தவறாமல் சாப்பிட்டான். அந்த நாலு பேர் வேறு, அவன் கடைத்தெருவில் போனால் வடிவு மாதிரியே குரலை ஏற்றி அவன் பேரைக் கூப்பிட்டார்கள்.

கடைசியில் அவளைக் கூட்டிக்கொண்டு மடத்துச் சாமியிடம் வந்தான். அவள் மூன்று நாள் முழுப் பட்டினி கிடந்து, ஈரப்புடவையோடு கோயிலைச் சுற்ற வேண்டும். அதைச் சாமி தன் வாயால் சொல்ல வேண்டும். இவ்வளவுதான் அவன் கேட்டது. சாமி சொன்னால் செய்கிறேன் என்று வடிவும் ஒப்புக்கொண்டாள். குழந்தை அவள் தோளில் பாலுக்குச் சிணுங்கிக்கொண்டிருந்தது.

சாமியும் தாண்டவமூர்த்தியும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். ஒருவர் காவி கட்டினார், இன்னொருவன் தாலி கட்டினான். மடத்தில் பாடம் கேட்க வந்த பிறகுதான் இவன் அவரைச் சாமி என்று கூப்பிட ஆரம்பித்தான். பழைய பழக்கத்தால் அவருக்கு இவனிடம் பொறுமை கொஞ்சம் குறைவு.

"குலை தலையில விழுந்திருந்தா ஆயுசு எவ்வளவு மிச்சம் இருந்திருக்கும்?" என்று கேட்டார்.

அது வேறு விஷயம் என்றான்.

"நீ இவளைப் பேர் சொல்லித்தானே கூப்பிடுறே? ஒரு நாளைக்கு எத்தனை தடவை?"

தாண்டவமூர்த்தி யோசித்தான். வடிவுதான் பதில் சொன்னாள்.

"காப்பிக்கு முன்னாடியா, பின்னாடியா சாமி?"

சாமிக்குச் சிரிப்பு வரவில்லை. அப்படியானால் இவள் ஆயுசு குறையாதா என்றார். பெண்களுக்கு அந்தச் சாத்திரம் கிடையாது என்றான். காலையில் ஆயிரம் பெயர் சொல்லி அர்ச்சனை செய்கிறாயே, இறைவனுக்கு எவ்வளவு குறைந்தது என்றார். கடவுளையும் மனுஷனையும் ஒன்றாகப் பேசலாமா என்று அவன் அவருக்கே பாடம் எடுத்தான். சாமி நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

அவன் விடுவதாக இல்லை.

"புருஷனும் பெண்டாட்டியும் சமம்னு சாத்திரத்துல எங்க இருக்கு சாமி? புருஷன் தலை. பெண்டாட்டி உடம்பு. தலையைப் போய் உடம்பு பேர் சொல்லிக் கூப்பிடலாமா?"

சாமி எழுந்தார். அவனைச் சன்னதிக்குள் கூட்டிப்போனார். வடிவு வெளி மண்டபத்தில் தூணோரமாக உட்கார்ந்து குழந்தையை மடியில் போட்டுக்கொண்டாள்.

அந்த மடத்து மூர்த்தி பாதி அப்பன், பாதி அம்மை. தினமும் எண்ணெய் சாத்துகிறவன் தாண்டவமூர்த்திதான்.

"அம்மை எதுவரைக்கும் இருக்கான்னு தொட்டுக் காட்டு."

இடது பாதத்திலிருந்து ஆரம்பித்தான். சிலம்பு. சேலை மடிப்பு. இடுப்பு. வளையல் போட்ட கை. தோள். தோடு தொங்கும் காது. விரல் அங்கேயே நின்றது.

"ஏன் நிறுத்திட்டே? மேலே போ."

விரல் ஏறவில்லை.

"இத்தனை வருஷமா இந்தத் தலையில எண்ணெய் தேய்க்கிறே. அதுல பாதி யாரோடதுன்னு நீ பார்த்ததே இல்லையா?"

தாண்டவமூர்த்தி விரலிலிருந்த எண்ணெயை வேட்டியில் துடைத்துக்கொண்டான். இருவரும் வெளியே வந்தார்கள். இனி ஒன்றும் பேசமாட்டான் என்றுதான் சாமி நினைத்தார். மண்டபத்துக்கு வந்ததும் ஆரம்பித்தான்.

"அதெல்லாம் சரிதான் சாமி. ஆனா பேரைச் சொன்னது சொன்னதுதானே? அதுக்கு ஒரு பரிகாரம் வேணாமா?"

சாமி கண்ணை இறுக மூடித் திறந்தார்.

"வேணும். கூப்பிட்டது பாதிக் குத்தம். அந்தப் பேருக்குத் திரும்புனது மீதிக் குத்தம். நீயும்தானே திரும்புனே? ஆளுக்குப் பாதிப் பட்டினி."

ஒன்றரை நாள்தானே என்று தாண்டவமூர்த்தி மனசைத் தேற்றிக்கொண்டான். வடிவும் சரி என்று தலையாட்டினாள்.

"இரு, முடிக்கலை. அவ பட்டினி கிடந்தா குழந்தையும் சேர்ந்து கிடக்கும். குழந்தை உன் பேரைச் சொல்லலையே. அதனால அவ பாதியையும் நீயே எடுத்துக்க."

அந்த நேரம் பார்த்துப் பந்தி மணி அடித்தது. தாண்டவமூர்த்தியின் கால் தன்னால் அந்தப் பக்கம் நகர்ந்தது.

சாமி சமையல்காரரைக் கூப்பிட்டார்.

"பொன்னுரங்கம், இவனுக்குப் போட்ட இலையை எடுத்துராதே. முதல் பந்தியிலேயே இந்தப் பொண்ணை அதுல உட்கார வச்சு, சாதம் கொஞ்சம் தாராளமாப் போடுப்பா."