தையல்சிட்டுக்கு வந்த போட்டி

அருவிக் காட்டில் ஒரு தையல்சிட்டு மந்தாரை இலைகளைத் தைத்துச் சாப்பாட்டுத் தட்டுகளாக விற்றுவந்தது. எதிரே நரியின் கடை. அருவிக்கு வரும் மனிதர்கள் வீசிவிட்டுப் போகும் பிளாஸ்டிக் தட்டுகளைக் கழுவியும் கழுவாமலும் விற்றது நரி.

"வியாபாரம் எப்படி அக்கா?" என்று நரி சீண்டும்.

"பிரமாதம்! நேற்று ஓர் ஈ வந்தது. அதுவும் உன் கடைக்கு வழி கேட்டுவிட்டுப் போனது!" என்று சிட்டு சிரிக்கும். மழைக்காலத்துக்குள் பெரிய வியாபாரம் கிடைக்காவிட்டால் கடையை மூட வேண்டியதுதான் என்று அதற்குத் தெரியும்.

காட்டிலேயே அதிகத் தட்டு வாங்குவது யானை ராஜாவின் அரண்மனை. சிட்டு அங்கே பறந்தது.

"அரண்மனைக்குத் தட்டு கொடுத்த அனுபவம் உண்டா?" என்று கேட்டது, சாமான் வாங்கும் முள்ளம்பன்றி.

"இல்லைங்க ஐயா."

"அனுபவம் இல்லாதவரிடம் வாங்க மாட்டோம். நரியின் தட்டு விலையும் குறைவு."

"நீங்கள் வாங்கினால்தானே அனுபவம் வரும்! முட்டையைப் பார்த்து, 'முதலில் பறந்து காட்டு, பிறகு அடைகாக்கிறேன்' என்கிறீர்களே!"

"விதி அப்படித்தான்!"

அன்று மாலை அரண்மனையில் பிளாஸ்டிக் ஒழிப்புக் கூட்டம். ராஜா உருக்கமாகப் பேசினார். காடே ஆரவாரம் செய்தது. பிறகு நரியின் தட்டுகளில் விருந்து! சர்க்கரைப் பொங்கல் தட்டோடு ஒட்டிக்கொண்டது. ராஜா தட்டையும் சேர்த்து விழுங்கிவிட்டார்.

வயிறு வீங்கியது. கரடி வைத்தியர் கசாயம் ஊற்றித் தட்டை வெளியே எடுத்தார்.

"இந்தக் காட்டில் இலைத்தட்டே கிடையாதா?" என்று முனகினார் ராஜா.

"இருக்கிறது மகாராஜா. அதில் சாப்பிடுவதுதான் நான் ஒருத்தி மட்டும்" என்றது கூட்டத்துக்கு வந்திருந்த சிட்டு.

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஊருக்கெல்லாம் புத்தி சொன்னேன். என் சமையற்கட்டுக்குச் சொல்ல மறந்துவிட்டேனே! முள்ளம்பன்றி, இனி அரண்மனைக்கு இலைத்தட்டு மட்டும் வாங்கு. அனுபவத்தைக் கேட்காதே, இலையைப் பார்!"

சிட்டு ஒன்றால் அத்தனை தட்டும் தைக்க முடியவில்லை. எறும்புகள் தைக்கத் தொடங்கின. குரங்குகள் பாக்குமட்டையில் கிண்ணம் செய்தன. பலரும் செய்ததால் விலை இறங்கியது. அணில் வீட்டுக் கல்யாணத்திலும் இலைத்தட்டு வந்தது. கடைசியில் நரியும் பலகை மாட்டியது: 'பரம்பரை இலைத்தட்டுக் கடை!'

"எந்தப் பரம்பரையடா?"

"முந்தாநாள் தொடங்கியது அக்கா! உங்கள் வியாபாரம் எப்படி?"

"ஏன் கேட்கிறாய்! காடு திருந்த வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். நீ திருந்தி எனக்கே போட்டியாக வருவாய் என்று நினைத்தேனா!" என்று சொல்லிவிட்டு, சிட்டு அடுத்த இலையை எடுத்தது.

ஆள்பவர் நல்லதைப் பேசினால் ஆரவாரம்தான் கிடைக்கும்; நல்லதை வாங்கினால்தான் நல்ல தொழில் முளைக்கும்.