உட்காரக் கொம்பில்லாத மலை

குக்குறு... குக்குறு... குக்குறு...

முன்னொரு காலத்தில் கூவிளநாட்டை ஆண்ட உதயமாறன், சிறுபிள்ளையாக இருந்தபோது இந்தச் சத்தம் கேட்டுத்தான் கண்விழிப்பான். அரண்மனைக்குப் பின்னால் இருந்த மலைக்காட்டிலிருந்து குக்குறுவான் பறவை கூப்பிடும். தாயில்லாத பிள்ளைக்கு அதுதான் துணை.

அரசனானதும் அவனுக்கு ஏழடுக்கு மாளிகைமேல் ஆசை வந்தது. மரவேலை அதிகாரி மல்லையன் மலையையே மொட்டையடித்துக் கட்டி முடித்தார். புது மாளிகையின் முதல் விடியலில் அரசன் காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருந்தான். ஒரு சத்தமும் இல்லை.

"அந்தக் குரல் எனக்கு வேண்டும்!" என்று சபையில் கத்தினான்.

மல்லையன் ஒரு குக்குறுவானைத் தங்கக்கூண்டில் கொண்டுவந்தார். அது வாயே திறக்கவில்லை.

"ஏன் கூவவில்லை, அமைச்சரே?"

"பதில் சொல்ல இன்னொன்று இல்லையே, அரசே. யாரைக் கூப்பிடும்?" என்றார் அமைச்சர் தேவநாதர்.

அரசன் கூண்டைத் திறந்துவிட்டான். "அப்படியானால் காட்டையே திரும்பக் கொண்டுவாருங்கள்!"

மல்லையன் முந்திக்கொண்டு, படைவீரர்களை ஏவி வரிசையாகத் தேக்கங்கன்று நட்டார். மேல்மண்ணை மழை அரித்துப் போயிருந்தது. நிழலுக்கு ஒரு புதர்கூட இல்லை. பாதியை வெயில் தின்றது, மீதியை ஆடு தின்றது.

பழியைச் சுமக்க ஆள் வேண்டுமே! "அமைச்சர் எல்லாம் தெரிந்தவர், மன்னா. வருகிற மழைக்காலம் முடிவதற்குள் அவர் மலையைப் பச்சையாக்கட்டும். முடியாவிட்டால் நாட்டைவிட்டுப் போகட்டும்" என்றார் மல்லையன்.

அரசன் தலையாட்டிவிட்டான். தேவநாதரின் மனைவியைப் புதைத்த மண் இது. இதைவிட்டு அவர் எங்கே போவார்?

மறுநாள் அவர் மலையெங்கும் காய்ந்த கம்புகளை நட்டு, ஒவ்வொன்றிலும் குறுக்குக்கொம்பு கட்டினார். சுற்றி முள்வேலி போட்டார். வெட்டிய அடிமரங்களைத் தோண்டக்கூடாது என்றார்.

"சுள்ளியை நட்டுக் காடு வளர்க்கிறாராம்!" மல்லையன் சிரித்தார். சபையும் சிரித்தது.

"நடப்போவது நானில்லை. நடுகிறவர்களுக்கு ஆசனம் போட்டிருக்கிறேன்."

"யார் அவர்கள்? கூலி என்ன?" என்றான் அரசன்.

"பக்கத்து நாட்டுக் காட்டில் பழம் தின்றுவிட்டு வரும் மைனாவும் கொண்டைக்குருவியும். நம் மலையில் உட்காரக் கொம்பில்லாமல் தாண்டிப் போகிறார்கள். உட்கார்ந்தால் எச்சமிடுவார்கள், அதில் விதை இருக்கும். கூலி கேட்கமாட்டார்கள்."

மழை ஓய்ந்ததும் அரசன் மலையேறினான். கம்புகளின் காலடியில் நாவல், அத்தி, ஆல் என்று கன்றுகள் கூட்டமாக நின்றன. அடிமரங்கள் துளிர்த்திருந்தன. மலை பச்சைதான்.

"முழங்காலுயரம்கூட இல்லையே!" என்றார் மல்லையன்.

அரசன் அவரைப் பார்க்கவில்லை. "குக்குறுவான் எப்போது வரும், அமைச்சரே?"

"அது முதிர்ந்த மரத்தின் உளுத்த கிளையைக் குடைந்துதான் குடியிருக்கும். என் காலத்தில் வராது, அரசே." கொஞ்சம் தயங்கினார். "உங்கள் காலத்திலும் வராது."

அரசன் குனிந்து ஒரு நாவல் கன்றைத் தொட்டுப் பார்த்தான். பிறகு தன் முத்துமாலையைக் கழற்றி அமைச்சரின் கழுத்தில் போட்டான். "மல்லையரே, வெட்டியவர் நீர். இனி மலையில் ஆடு நுழையாமல் காப்பதே உம் வேலை."

தேவநாதர் சில ஆண்டுகளில் காலமானார். மனைவிக்குப் பக்கத்திலேயே புதைத்தார்கள். அரசனும் ஏழாவது மாடியில், சன்னலைத் திறந்து வைத்தபடியே இறந்தான்.

பல ஆண்டுகளுக்குப் பிறகு, ஒரு விடியலில் காட்டிலிருந்து குக்குறு என்று குரல் வந்தது. அதைச் சொல்லக் கிழவர் மல்லையன் கம்பூன்றி அரண்மனைக்கு இறங்கிவந்தார். அவரை அடையாளம் தெரிந்தவர் யாரும் அங்கே இல்லை. திரும்பி மலைக்கே போனார். அங்கேயே செத்தார்.