உலகாயி வீட்டுக்கு வந்த யானை

முன்னொரு காலத்தில், மழை ஓய்ந்ததும் பாதி ஊரைக் காணோம் என்று தேடுகிற நாடு ஒன்று இருந்தது. மண்சுவரெல்லாம் கரைந்து ஓடையோடு போய்விடும். ஒருநாள் அந்த நாட்டு ராஜாவுக்குத் திடீரென்று ஒரு யோசனை உதித்தது. "இனி என் நாட்டில் ஒரு வீடும் இடியக் கூடாது. கல்லும் சுண்ணாம்பும் வைத்து உறுதியாகக் கட்டுகிறவர்களுக்குப் பாதிச் செலவை அரண்மனை தரும்" என்று பறையறையச் சொல்லிவிட்டார்.

நல்ல ராஜாதான். ஆனால் கொடுக்கிற வேலையைக் கருவூல அமைச்சர் வல்லபராயரிடம் விட்டாரே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை! அமைச்சர் உடனே ஒரு விதி போட்டார். அரண்மனை யானை வீட்டைத் தள்ளிப் பார்க்கும். விழுந்தால், உறுதியில்லாத வீட்டுக்கு உதவி கிடையாது. விழாமல் நின்றால், அதுதான் உறுதியாக நிற்கிறதே, உதவி எதற்கு? ஆகக்கூடி யாருக்கும் ஒரு காசும் போகவில்லை.

அரசவை விகடர் காத்தமுத்துவுக்கு இதைக் கேட்டதும் பற்றிக்கொண்டு வந்தது. போதாக்குறைக்குப் புல் விற்கும் உலகாயி அவர் வாசலில் வந்து அழுதாள்.

"பறையடிச்சதை நம்பி, இருந்த ஒத்தப் பசுவையும் வித்து நாலு சுவரு எழுப்பிட்டேன் சாமி. கூரை போடக் காசில்ல. மழை வந்தா அதுவும் போயிரும். போய்க் கேட்டா, யானை வரட்டும்ங்கிறாங்க. கூரையில்லாத சுவரு யானைக்கு நிக்குமா?"

காத்தமுத்து நேரே சபைக்குப் போய் ராஜாவிடம் முறையிட்டார். விகடரைக் கண்டாலே வயிறெரியும் வல்லபராயர் எழுந்து நின்றார்.

"அரசே, விகடருக்குத்தான் ஏழைகள்மேல் எத்தனை கரிசனம்! நாளை உலகாயி வீட்டுச் சோதனையை அவரே நடத்தட்டும். விதி மீறினால் சபையைவிட்டுப் போகட்டும்."

ஏழையின் சுவரை விகடர் கையாலேயே இடிக்க வைத்தால் ஊரே அவர்மேல் காறித் துப்பும் என்பது அமைச்சரின் கணக்கு. ராஜா கொட்டாவி விட்டபடி, "அப்படியே ஆகட்டும்" என்றார். காத்தமுத்து தலையில் அடித்துக்கொண்டார். இந்தச் சபையில் அறிவோடு இருப்பது யானை ஒன்றுதான் என்று முணுமுணுத்தபடி யானைக் கொட்டிலுக்கு நடந்தார்.

மறுநாள் ராஜா, அமைச்சர் உட்பட ஊரே உலகாயி வீட்டெதிரே திரண்டிருந்தது. பக்கத்திலேயே வல்லபராயரின் வாழைத்தோப்பு. கருவூலச் செலவில் எழுப்பிய புது மதில் அதைச் சுற்றி நின்றது. பாகன் யானையை அதட்டிப் பார்த்தான், கெஞ்சிப் பார்த்தான். யானை அசையவில்லை. தும்பிக்கையை மட்டும் தோப்புப் பக்கம் நீட்டி மோப்பம் பிடித்தது.

"என்னடா ஆயிற்று இதற்கு?" என்றார் ராஜா.

"காலையிலேர்ந்து ஒரு கவளங்கூடப் போடலைங்க மகாராசா. விகடர் உத்தரவு" என்றான் பாகன்.

வல்லபராயர் துள்ளினார். "கேட்டீர்களா அரசே! பட்டத்து யானையைப் பட்டினி போட்டிருக்கிறார்!"

காத்தமுத்து கைகட்டி நின்றார். "அமைச்சரின் விதிப்படிதான் நடந்தேன், அரசே. பட்டினியோடு தள்ளினால் அது பலமுள்ள யானை. பிறகு தீனி எதற்கு? தள்ளாவிட்டால் பலமில்லாத யானை. அதற்குத் தீனி போட்டு என்ன பயன்?"

"அட மூடரே! முதலில் தீனி போட்டால்தானே அதற்குப் பலம் வரும்!" என்று கத்தினார் அமைச்சர்.

"அப்பாடா! இதை உம் வாயால் கேட்பதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது" என்றார் காத்தமுத்து.

இந்த வாக்குவாதம் முடியும்வரை காத்திருக்க யானைக்குப் பொறுமையில்லை. திரும்பிப்போய் அமைச்சரின் மதிலில் லேசாகச் சாய்ந்தது. மதில் பொலபொலவென்று சரிந்தது. யானை உள்ளே போய் வாழையைப் பிடுங்கித் தின்ன ஆரம்பித்தது.

ராஜா கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். "வல்லபராயரே, இந்த மதிலுக்கு நீர் பணம் எடுத்தது எப்போது?"

"கட்டுவதற்கு... முன்பே, அரசே."

"அப்படியானால் எல்லோருக்கும் முன்பே கொடும். முதலில் உலகாயிக்கு, இப்போதே!" என்ற ராஜா, காத்தமுத்துவைப் பார்த்தார். "விகடரே, உமக்கு என் முத்துமாலை. நாளை சபையில் வந்து பெற்றுக்கொள்ளும்."

"இப்போதே கழற்றிக் கொடுத்துவிடுங்கள் அரசே. விடிவதற்குள் அமைச்சர் இதற்கும் ஒரு சோதனை கண்டுபிடித்துவிடுவார்!"

ராஜா மறுபடி சிரித்து, அங்கேயே மாலையைக் கழற்றி அவர் கழுத்தில் போட்டார். ஐப்பசி மழை கொட்டித் தீர்த்தபோது, உலகாயி புது ஓட்டுக்கூரையின் கீழே காலை நீட்டி நிம்மதியாகத் தூங்கினாள்.